இறாலில் அரை மைக்ரோகிராம்: வரம்பை வைத்தது நஞ்சியலா, கருவியா?

உப்பளம்:
நைட்ரோஃபியூரான் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் இறாலில் விடும் எச்சத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2003-ல் வைத்த அளவு கிலோவுக்கு 1 மைக்ரோகிராம். 2022 நவம்பர் 28 முதல் 0.5. மருந்தின் நஞ்சு இடையில் கூடிவிடவில்லை, எச்சத்தைப் பிரித்து அளக்கும் எல்சி-எம்எஸ்/எம்எஸ் கருவிதான் கூர்மையானது. ஆயிரம் டன் இறாலில் அரை கிராம்! சுங்கம் என்று சொல்லாத சுங்கம் இது.

தராசுமுள்:
கருவியைப் பொறுத்த அளவு என்பது உண்மை, விதியே அதை ஒளிக்கவில்லை. ஆனால் இது தடை செய்த மருந்து, இந்தியாவிலும் இறால் வளர்ப்பில் தடைதான். புற்றுநோய் ஐயம் உள்ள பொருளுக்கு ‘இவ்வளவு தின்னலாம்’ என்று யார் எழுதித் தருவார்கள்?

உப்பளம்:
அப்படியானால் செமிகார்பசைடு? நைட்ரோஃபியூரான்களில் ஒன்றான நைட்ரோஃபியூரசோன் போட்டதற்கு அடையாளமாக அதைத்தான் தேடுகிறார்கள். நன்னீர் இறாலின் ஓட்டில் அது இயற்கையாகவே உண்டு. சிங்கி இறால் போன்ற நன்னீர் உயிரியான கிரேஃபிஷுக்கு அதே விதியின் அடிக்குறிப்பில் சலுகை: நைட்ரோஃபியூரசோன் போட்டது நிரூபணமானால்தான் செமிகார்பசைடு கணக்கில் வரும். இறாலுக்கு அந்தச் சலுகை எங்கே?

குடுவை:
இந்த இடத்தில் உப்பளம் பக்கம்தான் நான். ஆனால் பாதித் தகராறு மாதிரி எடுப்பதிலேயே தொடங்குகிறது. ஓட்டோடு அரைத்தால் ஓட்டின் செமிகார்பசைடும் சேர்ந்து வரும்; உரித்துச் சதையை மட்டும் அரைக்கணும். பிறகு சதையில் ஒட்டிய எச்சத்தை விடுவிக்க நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், அதைக் கருவி பிடிக்கும்படி மாற்ற 2-நைட்ரோபென்சால்டிஹைடு, 37 டிகிரியில் சுமார் 16 மணி நேரம். காரம் சேர்த்து பிஹெச் 7-க்குக் கொண்டுவந்து எத்தில் அசிடேட்டில் பிரிக்கணும். ஐசோடோப் உள்தரத்தை (ஒப்பிட்டு அளக்க, அளவு தெரிந்து சேர்க்கும் பொருள்) அமிலத்துக்கு முன்பே விடணும். கடைசியில் விட்டால் நடுவில் போன இழப்பு கணக்கில் ஏறாது, 0.6 இருப்பது 0.4 என்று வரும். சரக்கு ஏறிவிடும், ராட்டர்டாம் துறைமுகத்தில் மாட்டும்.

தராசுமுள்:
அதேதான். குளத்தடியில் செய்யும் எலைசா என்ற விரைவுச் சோதனையை மட்டும் நம்பி அறுவடை செய்தாலும் இதே கதி, அது வடிகட்டத்தான். வரம்பு நகரவே நகராது என்று நினைப்பதும் சரியில்லை. தீவனத்தில் சேரும் எத்தாக்சிகுவினுக்கு ஜப்பான் 2012-ல் நம் இறாலை 0.01 பிபிஎம்-மில் (கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்) நிறுத்தியது, 2014-ல் 0.2 ஆக்கியது.

உப்பளம்:
அது எனக்குத்தான் சாதகம். தீவன மீன்தூள் கெடாமல் இருக்கச் சேர்ப்பது எத்தாக்சிகுவின். 0.01 என்பது தனி வரம்பு இல்லாத பொருளுக்கெல்லாம் ஜப்பான் போடும் பொது அளவு. உட்கார்ந்து மதிப்பிட்டதும் இருபது மடங்கு ஏறியது. நடுவில் திரும்பி வந்த கண்டெய்னருக்கு யார் கணக்கு?

குடுவை:
ஏற்றியவர் கணக்குதான். அதனால்தான் செமிகார்பசைடு தகராறில் ஓட்டையும் சதையையும் தனித்தனியாகச் சோதித்து இரண்டு அறிக்கையும் கையில் வைக்கச் சொல்கிறேன்.