பெங்களூரு வந்ததும் இழுவை குறைந்த ஹோண்டா சிட்டி: ஏர் இன்டேக் (இன்ஜினுக்குக் காற்று போகும் குழாய்) மாற்றினால் சரியாகுமா?

ஓஎம்ஆர்_டு_ஓஆர்ஆர்:
வணக்கம். 2015 மாடல் ஹோண்டா சிட்டி, 1.5 பெட்ரோல், மேனுவல். சென்னையில் ஓட்டிய வண்டி, வேலை மாறியதால் இங்கே கொண்டுவந்துவிட்டேன். தினமும் பிடிஎம் லேஅவுட்டிலிருந்து மாரத்தஹள்ளி, சில வார இறுதிகளில் ஓசூர் வழியாக சேலம். வந்ததிலிருந்து பழைய இழுவை இல்லை, ஏசியோடு மேம்பாலம் ஏறினால் கியரைக் குறைத்தே ஆக வேண்டும். பிளக், ஃபில்டர் எல்லாம் பார்த்தாகிவிட்டது, குறை ஒன்றும் இல்லை. உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜேசி ரோட்டில் விசாரித்தபோது, கோன் ஃபில்டரோடு (கூம்பு வடிவ ஃபில்டர்) வரும் ஷார்ட் ராம், அதாவது பானெட்டுக்குள்ளேயே முடியும் குட்டைக் குழாய், போட்டால் 10 குதிரைத்திறன் கூடும், மைலேஜும் ஏறும் என்றார்கள். நண்பர் ஒருவர் குளிர்ந்த வெளிக்காற்றை எடுக்க பம்பருக்குள் இறங்கும் கோல்டு ஏர் இன்டேக்தான் சரி என்கிறார். ரேஸ் எல்லாம் கிடையாது, தினசரி வண்டி. எதை வாங்கலாம்?

அல்சூர்_ஒர்க்‌ஷாப்:
தம்பி, வண்டி கெடவில்லை, ஊர் உயரம். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது, இங்கே காற்றின் அடர்த்தி சென்னையைவிட ஏறத்தாழ 9 சதவீதம் குறைவு. உங்களுடையது காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத இன்ஜின், உள்ளே போகிற ஆக்சிஜன் குறைந்தால் சக்தியும் அதே அளவுக்குக் குறையும். கம்பெனி சொல்லும் 119 பிஎஸ் இங்கே 108 பக்கம்தான் வரும். இங்கே வெயில் கொஞ்சம் குறைவு என்பதால் அதில் துளி திரும்பக் கிடைக்கும், அவ்வளவுதான். எந்தக் குழாயை மாற்றினாலும் வெளியே இல்லாத காற்றை அது கொண்டுவராது. சேலம் இறங்கும்போது கவனித்துப் பாருங்கள், கிருஷ்ணகிரி தாண்டியதும் வண்டி கொஞ்சம் உயிர் பெறும்.

மைலேஜ் பேச்சை நம்பவே நம்பாதீர்கள். அமெரிக்காவில் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் அடைத்துப்போன ஃபில்டர்களை வைத்தே சோதித்துப் பார்த்தது. இந்தக் காலத்து பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் எரிபொருள் செலவு மாறவில்லை, ஆக்சிலரேஷன் மட்டும் குறைந்தது. ஏனென்றால் பாதி மிதியில் ஓட்டும்போது காற்றைத் தடுப்பது த்ராட்டில் பிளேட் (மிதிக்கு ஏற்பத் திறக்கும் தகடு), ஃபில்டர் இல்லை. அடைத்த ஃபில்டரே மைலேஜைக் கெடுக்காதபோது திறந்த ஃபில்டர் எப்படிக் கூட்டும்? சில்க் போர்டு ஜங்ஷனில் நிற்கிற வண்டி நாள் முழுக்க பாதி மிதிகூட வாங்குவதில்லை.

அடுத்தது சூடு. கம்பெனி ஏர்பாக்ஸ் (ஃபில்டர் உட்காரும் பெட்டி) வெளிக்காற்றை இழுக்கும்படி குழாய் வைத்துத்தான் வருகிறது. அதைக் கழற்றிவிட்டு பானெட்டுக்குள் கோனைத் திறந்து வைத்தால் ரேடியேட்டர் துப்பும் காற்றைத்தான் அது குடிக்கும். காற்று 10 டிகிரி சூடானால் அடர்த்தி 3 சதவீதம் போய்விடும், காசு கொடுத்து இழுவையை இழப்பீர்கள்.

நைஸ்ரோடு_ராத்திரி:
அண்ணன் சொன்னது அத்தனையும் சரி, ஆனால் நான் கோன் போட்டுத்தான் ஓட்டுகிறேன், இன்னும் வைத்திருக்கிறேன். காரணம் சத்தம் ஒன்றுதான். 4000 ஆர்பிஎம் தாண்டி அது உறுமுவது எனக்கு அவ்வளவு பிடிக்கும். கம்பெனி பாக்ஸில் அந்தச் சத்தத்தை அடக்குவதற்கென்றே ரெசனேட்டர் அறை வைத்திருப்பார்கள், அதை எடுத்தால் வண்டி பறப்பது போல காதுக்குத் தோன்றும். பவர் கூடியது என்று யாரிடமும் சொல்ல மாட்டேன். போடுவதென்றால் ஹீட் ஷீல்டு (சூட்டைத் தடுக்கும் தகடு) இல்லாமல் போடாதீர்கள் ப்ரோ, அப்புறம் வண்டி கம்ப்யூட்டரின் அளவீடுகளை மொபைலில் காட்டும் ஒரு ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர் வாங்கி இன்டேக் காற்று வெப்பநிலையை மாற்றுவதற்கு முன்னும் பின்னும் டிராஃபிக்கில் பாருங்கள். வேறு எந்த விமர்சனமும் தேவைப்படாது.

பெல்லந்தூர்_மழை:
கோல்டு ஏர் பக்கம் போகவே வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். 2022 செப்டம்பரில் அவுட்டர் ரிங் ரோடு மழை வெள்ளத்தில் ஏரியாக நின்றது எல்லோருக்கும் தெரியும், நீங்கள் தினமும் போவது அதே சாலை. ஃபில்டரை பம்பருக்குக் கீழே இறக்கினால் முழங்கால் தண்ணீர்கூட வேண்டாம், முன்னால் போகிற பஸ் எழுப்பும் அலையே போதும். தண்ணீரை பிஸ்டன் அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்க்கும் ஆட்-ஆன் இல்லாவிட்டால் இந்தச் சேதத்துக்குப் பொதுவாக காப்பீடு கிடைக்காது. ஆட்-ஆன் இருந்தாலும், சொல்லாமல் செய்த மாற்றம் சர்வேயர் கண்ணில் பட்டால் க்ளெய்ம் சிக்கலாகும். தண்ணீரில் வண்டி நின்றுபோனால் திரும்ப ஸ்டார்ட் மட்டும் செய்யாதீர்கள், இது எல்லா வண்டிக்கும்தான்.

ஓஎம்ஆர்_டு_ஓஆர்ஆர்:
அண்ணா, நண்பர்களே, ரொம்ப நன்றி. உயரம் என்பது மனதில் தோன்றவே இல்லை. சரி, இன்டேக் கிட் வேண்டாம். கழுவிக் கழுவிப் போடும் கே அண்ட் என் கம்பெனி மாதிரி பேனல் (தட்டையான) ஃபில்டரை அதே பாக்ஸில் வைக்கலாமா?

அல்சூர்_ஒர்க்‌ஷாப்:
வைக்கலாம், ஆபத்து குறைவு, லாபமும் குறைவு. அது எண்ணெய் தடவிய பருத்தித் துணி. கழுவிய பிறகு எண்ணெய் குறைந்தால் தூசி உள்ளே போகும், கூடினால் உள்ளே போகும் காற்றை அளக்கும் எம்ஏஎஃப் சென்சார் உள்ள வண்டியில் அந்த மெல்லிய கம்பியில் எண்ணெய் படிந்து காற்றின் அளவைத் தப்பாகக் காட்டும். மெட்ரோ வேலை நடக்கிற தூசியில் நான் காகிதத்தைத்தான் நம்புவேன். காகித ஃபில்டரில் தூசி படியப் படிய வடிகட்டும் திறன் கூடத்தான் செய்யும், விலையும் சில நூறு ரூபாய்தான். புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டர் வரை காத்திருக்காமல் கொஞ்சம் முன்பே மாற்றிவிடுங்கள். மாற்றும்போது கம்ப்ரெஸர் காற்றால் ஊதிப் பழையதையே போட விடாதீர்கள், காகிதம் கிழியும். பாக்ஸின் அடியை ஈரத்துணியால் துடைத்து, ஓரத்து ரப்பர் சுற்றிலும் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்த பிறகே கிளிப் போடுங்கள். அப்படியே த்ராட்டில் பாடியையும் ஒரு தடவை சுத்தம் செய்யச் சொல்லுங்கள், ஓடின வண்டியில் அங்கே கரி பிடித்திருக்க வாய்ப்பு அதிகம்.