14 வயதுப் பூனை, கிரியாட்டினின் 3.1: சிறுநீரகம் என்று முடித்துவிடலாமா?

தெப்பக்குளம் மேற்கு

எங்கள் வீட்டுப் பூனை வெள்ளச்சிக்கு 14 வயது. சென்ற ஆண்டு தெப்பத் திருவிழாவை ஒட்டித் தடுப்பூசிக்குக் கொண்டுபோனபோது 4.5 கிலோ இருந்தவள், இப்போது 3.4 கிலோதான் இருக்கிறாள். வாரத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ கக்குவது ஓராண்டாகவே உண்டு. முடி உருண்டைதான் என்று நினைத்து நாங்களும் துடைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டோம். எட்டு நாள்களாக நாளுக்கு மூன்று முறை மஞ்சள் நுரையாகக் கக்குகிறாள். மூன்று நாள்களாக எதையும் உண்ணவில்லை. நெல்பேட்டையில் வாங்கி உப்பில்லாமல் அவித்த சாளை மீனைக்கூட முகர்ந்து பார்த்து, உதட்டை நக்கிக்கொண்டு திரும்பிவிடுகிறாள்.

நேற்று இரத்தப் பரிசோதனை செய்தோம். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் 3.1, யூரியாவும் கூடுதல், சர்க்கரையும் கல்லீரல் அளவுகளும் இயல்பு. சிறுநீரைப் பரிசோதிக்கவில்லை. "வயதாகிவிட்டது, சிறுநீரகம்தான்" என்று சொல்லிய மருத்துவர், வாந்திக்கு ஓர் ஊசி போட்டு, தோலுக்கடியில் 100 மில்லி திரவம் ஏற்றி அனுப்பிவிட்டார். இதோடு நிறுத்திக்கொள்ளலாமா, மேலும் பார்க்க வேண்டுமா என்பதில் வீட்டில் இரண்டு கட்சி. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

திருமங்கலம் தோட்டம்

முப்பது ஆண்டுகளாகத் தோட்டத்தில் பூனைகள் வளர்க்கிறேன். அக்கினி நட்சத்திர வெயிலில் பூனைகள் இரையைக் குறைத்துக்கொள்ளும். முடி கொட்டும் காலம் என்பதால் கக்கவும் செய்யும். அருகம்புல்லைத் தின்று தானே வயிற்றைச் சுத்தம் செய்துகொள்ள விடுங்கள். குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்று நம் முன்னோர்கள் சும்மா பெயர் வைக்கவில்லை. அதன் சாற்றில் சில துளி கொடுத்துப் பாருங்கள். 14 வயது என்பது மனிதக் கணக்கில் எழுபதைத் தாண்டியது, அம்மா. அந்த வயதில் ஊசியாலும் குழாயாலும் துன்புறுத்துவதை நான் ஒப்பமாட்டேன்.

வைகைக்கரை

மனிதர்களுக்கான இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் 26 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கால்நடை மருத்துவன் அல்லன். ஆனாலும் இதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரு கோடை வெயில் உடல் எடையில் கால் பங்கைக் கொண்டுபோகாது, ஐயா. குப்பைமேனியின் வேர் பூனைகளை இழுக்கும் என்பது மெய்தான். ஆனால் அதன் இலைச்சாற்றை நாட்டு வைத்தியத்தில் வாந்தி எடுக்க வைப்பதற்கே கொடுத்துவந்திருக்கிறார்கள். ஏற்கெனவே கக்கிக்கொண்டிருக்கும் பிராணிக்கு அதைக் கொடுப்பது எப்படிச் சரியாகும்?

மூன்று நாள் பட்டினியும் சிறிய செய்தி அன்று. பூனை உண்ணாமல் கிடந்தால் உடற்கொழுப்பு கல்லீரலில் போய்த் தேங்கத் தொடங்கும். பருத்த பூனைகளுக்கு அந்த ஆபத்து மிகுதி, மெலிந்தவற்றுக்கும் அது இல்லாமல் போவதில்லை. அவள் மீனை நாடி வந்து முகர்ந்து, உதட்டை நக்கித் திரும்புவதாக எழுதியிருக்கிறீர்கள். பசி இருந்தும் குமட்டல் தடுக்கிறது என்றே அதை நான் படிக்கிறேன். அடுத்த ஊசியைக் கேட்டு வாங்கத் தயங்காதீர்கள்.

இன்னொன்று. மல்லிகைப்பூ கட்டும் நூல் இல்லாத வீடு மதுரையில் உண்டா? நாக்கின் அடியில் நூல் ஏதும் சுற்றியிருக்கிறதா என்று மருத்துவரை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். தென்பட்டால் இழுத்துவிடாதீர்கள், மறுமுனை குடலுக்குள் இருந்தால் குடலை அறுத்துவிடும்.

ஆனைமலை நிழல்

நூல், முடி, வெயில் என்று ஏன் சுற்றி வளைக்கிறீர்கள்? முதிய பூனைகளில் சிறுநீரக நோயைப் போலப் பரவலானது வேறு அதிகமில்லை. எடை குறைவு, வாந்தி, உணவு மறுப்பு, கிரியாட்டினின் 3.1 ஆகிய நான்கும் சேர்ந்திருக்கும்போது இன்னும் என்ன சான்று வேண்டும்? ஐரிஸ் என்னும் பன்னாட்டுச் சிறுநீரகக் குழுவின் படிநிலையில் 2.9 முதல் 5.0 வரை மூன்றாம் நிலை. என் பூனைக்கும் இதே எண்தான் வந்தது. வீட்டிலேயே திரவம் ஏற்றக் கற்றுக்கொண்டு இரண்டு ஆண்டுகள் காப்பாற்றினோம். ஸ்கேனுக்குச் செலவிடும் பணத்தில் சிறுநீரகப் பூனைகளுக்கான தனி உணவை வாங்கி இன்றே தொடங்குங்கள்.

வைகைக்கரை

அந்தப் படிநிலையைத்தான் நானும் சொல்ல வந்தேன். உடலில் நீர்ச்சத்து சரியாக இருக்கும் பூனைக்கு, உடல்நிலை நிலையாக உள்ள காலத்தில், ஒன்றுக்கு மேற்பட்ட முறை அளந்த கிரியாட்டினினைக் கொண்டே நிலையை வகுக்க வேண்டும் என்று அதே குழுதான் சொல்கிறது. எட்டு நாள் கக்கி, மூன்று நாள் உண்ணாமல் வறண்டுபோன உடலிலிருந்து எடுத்த 3.1 அந்த அட்டவணையில் வைக்கத் தகுந்த எண் அன்று. நீர் வற்றினாலே கிரியாட்டினின் ஏறும். ஏறியது வறட்சியாலா, சிறுநீரகத் தேய்வாலா என்பதைச் சொல்லக்கூடியது சிறுநீர்தான். அதைத்தான் யாரும் பார்க்கவில்லை. நல்ல சிறுநீரகம் வறண்ட உடலில் நீரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அப்போது சிறுநீரின் ஒப்படர்த்தி, அதாவது தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி, 1.035-க்கு மேல் போகும். 1.015 அளவிலேயே நின்றால் உங்கள் பக்கம் நியாயம். அதை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் கருவியில் இரண்டு சொட்டு போதும், ஒரு நிமிட வேலை.

ஆனைமலை நிழல்

பூனையிடம் சிறுநீர் வாங்குவது அவ்வளவு எளிதா? அது மாடியில் எந்தத் தொட்டி மண்ணைத் தேடிப் போகிறதென்று யாருக்குத் தெரியும்? எப்படியும் திரவமும் வாந்தி மருந்தும்தான் தரப்போகிறோம். காரணம் எதுவானாலும் சிகிச்சை ஒன்றே என்னும்போது அறிந்து என்ன பயன்?

வைகைக்கரை

ஓர் அறையில் அடைத்து, தட்டில் மண்ணுக்குப் பதிலாகக் கழுவிக் காயவைத்த மீன்தொட்டிக் கூழாங்கற்களைப் போட்டால் சிறுநீர் அடியில் தேங்கும், சிரிஞ்சால் உறிஞ்சிக்கொள்ளலாம். மருத்துவர் சிறுநீர்ப்பையிலிருந்து ஊசியால் நேரடியாகவும் எடுப்பார்.

முதல் இரண்டு நாளுக்குச் சிகிச்சை ஒன்றே என்பதை ஒப்புக்கொள்கிறேன். மூன்றாம் நாளிலிருந்து பாதை பிரிகிறது. குடல் அழற்சிக்கு வேறு மருந்து, தைராய்டு மிகைக்கு வேறு மருந்து. குமட்டலோடு இருப்பவள் வாயில் புதிய உணவைத் திணித்தால் அந்த உணவையே அவள் வெறுத்துவிடக்கூடும். ஓராண்டாக வாரந்தோறும் கக்கியதையும் எண்ணிப் பாருங்கள். சிறுநீரகத்தை விடக் குடலைத்தான் அது எனக்கு நினைவூட்டுகிறது.

தெப்பக்குளம் மேற்கு

ஐந்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். வேறொரு மருத்துவரிடம் இரண்டு நாள் நரம்பு வழியாகத் திரவம் ஏற்றினோம். அதன்பின் கிரியாட்டினின் 2.2. சிறுநீர் ஒப்படர்த்தி 1.016. நாக்கடியில் நூல் இல்லை. தைராய்டு இயல்பு. பி12 மிகக் குறைவு. ஸ்கேனில் சிறுகுடல் சுவரின் தசை அடுக்கு தடித்திருக்கிறது. அருகிலுள்ள நிணநீர்க் கணு ஒன்று சற்றே பெருத்திருக்கிறது. நாள்பட்ட அழற்சியாகவும் இருக்கலாம், மெதுவாக வளரும் லிம்போமா என்னும் புற்றாகவும் இருக்கலாம் என்றும், திசுவை எடுத்துப் பார்க்காமல் இரண்டையும் பிரிக்க முடியாது என்றும் சொன்னார்.

ஆனைமலை நிழல்

1.016 என்றால் நான் சொன்ன நோய் இருக்கத்தானே செய்கிறது?

வைகைக்கரை

இருக்கிறது, அதில் உங்களோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் 2.2 என்பது இரண்டாம் நிலை. அந்த நிலையில் உள்ள பூனைகள் பெரும்பாலும் உண்டு உலவிக்கொண்டிருக்கும். அது மட்டுமே ஒரு பூனையை மூன்று நாள் பட்டினி போடுவது அரிது. மெய்யான ஒரு நோயைக் கண்டுபிடித்துவிட்டதாலேயே அதுதான் இந்த வாந்திக்குக் காரணம் என்று ஆகிவிடாது.

இனி முடிவெடுக்க வேண்டியது திசுப் பரிசோதனை பற்றி. அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்தைத் தொடங்கிய பிறகு திசு எடுத்தால் விடை மங்கிவிடும். ஆகவே எடுப்பதென்றால் இப்போதே எடுக்க வேண்டும். மெதுவாக வளரும் வகை என்று தெரிந்தால் குளோரம்புசில் என்னும் புற்று மாத்திரையும் சேர்ந்து பல பூனைகள் இரண்டு ஆண்டுகள் வரை, சில அதற்கு மேலும் வாழ்ந்திருக்கின்றன.

திருமங்கலம் தோட்டம்

குப்பைமேனியைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் 3.4 கிலோ எடையுள்ள, சிறுநீரகமும் தளர்ந்த 14 வயதுப் பிராணியை மயக்க மருந்து கொடுத்து வயிற்றைத் திறக்கச் சொல்வதை ஏற்க முடியாது. அறிந்துகொள்ளும் ஆசை உங்களுடையது, வலி அவளுடையது.

ஆனைமலை நிழல்

இந்த ஓரிடத்தில் தோட்டத்து ஐயாவோடு உடன்படுகிறேன்.

தெப்பக்குளம் மேற்கு

வயிற்றைத் திறப்பதில்லை என்று நேற்றிரவு முடிவு செய்தோம். அதனால் எந்தக் கதவு அடைபடுகிறது என்று வைகைக்கரை ஐயா சொன்னதைத் தெரிந்தேதான் செய்தோம். பி12 ஊசி வாரத்துக்கு ஒன்றாக ஆறு வாரம். ப்ரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு இன்று தொடக்கம். அது சர்க்கரை நோயைக் கிளப்பக்கூடும் என்பதால் இரண்டு வாரத்தில் மறுபடியும் இரத்தம் பார்க்கச் சொல்லியிருக்கிறார். பசிக்காக மிர்டாசபின், சிறுநீரகத்தைக் கருதி ஒருநாள் விட்டு ஒருநாள். சிறுநீரக உணவை இப்போதைக்குத் தொடவில்லை. எதை உண்கிறாளோ அதையே கொடுக்கச் சொன்னார். இன்று காலை அரைச் சாளை மீனைத் தின்றாள். மதியம் ஒன்றரை மணி வரை கக்கவில்லை. சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்து எடையை இங்கே எழுதுகிறேன்.