செமஸ்டர் பாதியில் இங்கிலீஷ் டீச்சர் மாறினால் இன்டர்னல் மார்க்குக்கு யார் பொறுப்பு?

புதுவரவு:
பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரி ஒன்றில் போன வாரம்தான் கௌரவ விரிவுரையாளராகச் சேர்ந்தேன், பார்ட் டூ இங்கிலீஷ், அதாவது எல்லாத் துறை மாணவர்களுக்கும் உள்ள பொது ஆங்கிலம். இந்த செமஸ்டரில் நான் மூன்றாவது ஆள். முதலில் இருந்த மேடம் தனியார் பள்ளிக்குப் போய்விட்டார், அடுத்து வந்தவர் இன்ஜினியரிங் காலேஜுக்கு. ஆறு, ஆறு, நாலு என்று வாரம் 16 மணி நேரம், மூன்று வகுப்பு, கையில் ஒரு பதிவேடும் இல்லை. பி.காம் முதலாம் ஆண்டில் 68 பேர். "நாலு பாடம் முடிஞ்சிருச்சு சார்" என்கிறார்கள், ஆனால் முதல் பெஞ்ச் மாணவியின் புத்தகத்தை வாங்கிப் பார்த்தால், வார்த்தைகளுக்கு மேல் பென்சிலில் எழுதிய தமிழ் அர்த்தம் 23-ஆம் பக்கத்தோடு நின்றுவிடுகிறது. சரி, பாடத்தை எப்படியாவது ஓட்டிவிடலாம். 25 மார்க் இன்டர்னலை வெள்ளிக்கிழமைக்குள் ஏற்ற வேண்டுமாம். முதல் டெஸ்ட் மார்க் எங்கே என்று கேட்டால், "பசங்களைப் பாத்து நீங்களே போட்டுடுங்க" என்கிறார் துறைத் தலைவர். நான் வைக்காத டெஸ்டுக்கு எப்படிக் கையெழுத்துப் போடுவது?

சாக்பீஸ் தூசி:
போடாதீர்கள் சார். நாளைக்கு ஒரு பையன் ஆர்டிஐ போட்டால் மாட்டுவது நீங்கள், வாயால் சொன்னவர் இல்லை. "பதிவேடு என்னிடம் ஒப்படைக்கப்படவில்லை" என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அப்புறம் துறை பீரோவின் அடித்தட்டைப் பாருங்கள், விடைத்தாள் கட்டு பெரும்பாலும் அங்கேதான் சணல் போட்டுக் கிடக்கும். கிடைக்காவிட்டால் அனுமதி வாங்கி ஒரு மணி நேர மறுதேர்வு.

பாதியில் போனவன்:
நானும் இப்படி அக்டோபரில் விட்டுப் போனவன்தான், திட்டாதீர்கள். மூன்று மாதச் சம்பளம் நிலுவை. பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) 2019-லேயே கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை என்று சொல்லிவிட்டது, எங்களுக்கு அதில் பாதிகூட வரவில்லை. மார்க் நோட்டை யாரிடம் கொடுப்பது என்று கேட்டேன், "மேஜை மேல வச்சிட்டுப் போங்க" என்றார்கள், வைத்துவிட்டு வந்தேன். அது என்ன ஆனதோ. முந்தையவரின் நம்பரை ஆபீசில் வாங்கி ஒரு போன் போடுங்கள் தோழர், மொபைலில் போட்டோ எடுத்து வைத்திருப்பார்.

கடைசி பெஞ்ச்:
மாணவனாகச் சொல்கிறேன், எங்களுக்கு இரண்டு செமஸ்டரில் நாலு பேர் வந்தார்கள், நாலு பேரும் டென்ஸிலிருந்து ஆரம்பித்தார்கள். சிம்பிள் பிரசென்ட் எங்களுக்கு அத்துப்படி, கடிதம் எழுதும் பகுதியை இன்றுவரை யாரும் தொடவில்லை. 75 மார்க் செமஸ்டர் தேர்வில் அதுவும் வரும் சார், முதலில் அதை நடத்துங்கள்.

புதுவரவு:
பீரோவில் கட்டு கிடைத்தது, 61 தாள், பாதி திருத்தாதவை. போன் போட்டால் அந்த சார் எடுக்கவில்லை. மீதி ஏழு பேருக்கு வியாழக்கிழமை டெஸ்ட். கடிதத்துக்கு நகல் கேட்டதில் துறைத் தலைவருக்கு என் மேல் கொஞ்சம் வருத்தம். இப்போது திருத்த உட்கார்கிறேன்.