நட் டிரைவர் செட் வாங்கலாமா, இருக்கிற சாக்கெட்டே போதுமா? (சிங்க் குழாய் ஆடுது)

பனியன்ஊர்க்காரன்:
வணக்கம்ங்க. சமையக்கட்டு சிங்க்கில இருக்கிற மிக்ஸர் குழாய் ஒரு மாசமா ஆடுது. கைப்பிடியைத் திருப்பினா குழாயே சேர்ந்து திரும்புது. கீழ படுத்து டார்ச் அடிச்சுப் பார்த்தேன். குழாய்க்கு அடியில இருந்து ஒரு த்ரெட் ராடு இறங்குது. அதுல குதிரை லாடம் மாதிரி ஒரு வாஷர், அதுக்குக் கீழ ஒரு பித்தளை நட்டு. அந்த நட்டுதான் லூசு.

12-13 மி.மீ. டபுள் எண்ட் ஸ்பேனர்ல 13 பக்கம் சரியாப் புடிக்குது. ஆனா பின்னாடி சுவரு, ரெண்டு பக்கமும் கனெக்‌ஷன் பைப்பு, ஸ்பேனரை ஆட்டவே இடமில்ல. என்கிட்ட கால் இஞ்ச் ராட்செட் (முன்னாடி பின்னாடி ஆட்டியே நட்டைத் திருப்பற கைப்பிடி) வர்ற 46 பீஸ் செட் இருக்கு. அதுல 13 சாக்கெட்டை (நட்டைக் கவ்வுற குழாய்த் துண்டு) மாட்டினா, நட்டைத் தொடுறதுக்கு முன்னாடியே ராடோட நுனி உள்ள முட்டிக்குது. நட்டுக்குக் கீழ ராடு 5 செ.மீ. நீட்டிக்கிட்டு இருக்கு.

பக்கத்து வீட்டு அண்ணன் "நட் டிரைவர் செட் ஒண்ணு வாங்கிப் போடு, ஆயுசுக்கும் ஆகும்"ங்கிறார். அதாவது ஸ்க்ரூடிரைவர் மாதிரி கைப்பிடி, நுனியில நட்டைக் கவ்வுற குழி. எனக்கு ஒரு சந்தேகம். என் செட்லயே ஸ்க்ரூடிரைவர் மாதிரி ஒரு கைப்பிடி இருக்கு, அதுல சாக்கெட்டை மாட்டினா அதுவும் நட் டிரைவர்தானே? தனியா எதுக்குக் காசு?

லேத்துப்பட்டறை:
தம்பி, பாதி சரி, பாதி தப்பு. வாஷிங் மெஷின் பின் தகடு, ஹோஸ் கிளிப் மாதிரி வேலைக்கெல்லாம் அந்தக் கைப்பிடியும் சாக்கெட்டும் போதும். நட் டிரைவர் செய்யற அதே வேலையைச் செய்யும்.

வித்தியாசம் உள்ளே இருக்கு. சாக்கெட்டோட அடியில ஒரு சதுர ஓட்டை, அதுல கைப்பிடியோட சதுரம் வந்து அடைச்சுக்கும். அதனால ராடு அதுக்கு மேல போகாது. நல்ல நட் டிரைவர்ல தண்டே குழாய். நட்டுக்குக் கீழ எவ்வளவு ராடு நீட்டிக்கிட்டு இருந்தாலும் உள்ள வாங்கிக்கும். நீங்க காசு கொடுக்கிறது அந்தப் பொள்ளலுக்குத்தான்.

கைப்பிடியைக் கழட்டிட்டு சாக்கெட்டை மட்டும் மாட்டி, வெளிப்பக்கம் பிளையர்ல புடிச்சுத் திருப்பலாமேன்னு தோணும். கால் இஞ்ச் சதுரம்னா 6.35 மி.மீ. எம் 6 ராடு (6 மி.மீ. கனம்) அதுல நுழையும், எம் 8 (8 மி.மீ.) நுழையாது. நட்டு 13ன்னா உங்களுது எம் 8 ஆத்தான் இருக்கும். அந்தக் குறுக்கு வழியும் அடைபட்டுப் போச்சு.

கூலிங்காயில்:
நான் ஏசி சர்வீஸ். நட் டிரைவர் இல்லாம வீட்டை விட்டுக் கிளம்பறதில்ல. ஆனா செட்டு இல்ல, ரெண்டே ரெண்டு: 8, 10. நான் கழட்டற அவுட்டோர் யூனிட் மூடிகள்ல முக்காவாசி 8 எம்எம் தலை ஸ்க்ரூ. மொட்டை மாடி ஓரத்துல ஒத்தைக் கையில தொங்கிக்கிட்டு வேலை பார்க்கும்போது, ராட்செட்டுக்கு சாக்கெட்டைத் தேடி, எக்ஸ்டென்ஷன் மாட்டி, அது கழண்டு கீழ விழுந்து... அந்தக் கதையே வேண்டாம். நட் டிரைவர் ஒரே துண்டு. கழண்டு விழ ஒண்ணுமில்ல. லூசான நட்டுல ராட்செட் டிக் டிக்னு பின்னாடி நகராது, நட்டும் கூடவே சேர்ந்து சுத்தும். கையில உருட்டறதுதான் அங்க வேகம்.

ஒண்ணு கவனிங்க: நுனியில காந்தம் வச்சது ஸ்க்ரூவுக்கு அருமை, உங்க வேலைக்கு ஆகாது. காந்தமே ஓட்டையை அடைச்சுக்கும்.

வயர்மேன்63:
நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன். 30 வருஷ வயரிங் வேலையில நட் டிரைவர் வாங்கினதே இல்ல. டி ஸ்பேனர் (T எழுத்து மாதிரி குறுக்குக் கைப்பிடி வச்சது) 8, 10, 13 மூணு போதும். கைக்கு நல்ல பிடி, விசையும் அதிகம். ஸ்க்ரூடிரைவர் பிடியில உள்ளங்கையால சில நியூட்டன் மீட்டருக்கு (திருப்பற விசையோட அளவு) மேல கொடுக்க முடியாது. எம் 4, எம் 5க்கு அது சரி, இறுக்கி உடைக்கிற பயமும் இல்ல. எம் 8 இரும்பு போல்ட்டை முறையா இறுக்க 25 நியூட்டன் மீட்டர் வரைக்கும் வேணும். அதை ஸ்க்ரூடிரைவர் பிடியில செஞ்சா மணிக்கட்டுதான் போகும்.

இன்வெர்ட்டர் பேட்டரி நட்டுக்கு யாராவது இதைப் படிச்சிட்டு நட் டிரைவர் எடுத்தா, தண்டு மேல இன்சுலேஷன் டேப் சுத்திக்கோங்க. கைப்பிடிதான் பிளாஸ்டிக், தண்டு இரும்பு. அது ரெண்டு டெர்மினலையும் ஒரு தடவை சேர்த்துத் தொட்டா போதும், ஷார்ட் ஆகிடும்.

லேத்துப்பட்டறை:
வயர்மேன் அண்ணா, டி ஸ்பேனர் நல்ல சாமான்தான், ஆனா தம்பி கேக்கிற இடத்துல உதவாது. அதோட தண்டு கெட்டிக் கம்பி, தலையில மட்டும் கொஞ்சம் பள்ளம். 5 செ.மீ. ராடு எங்க போகும்?

வயர்மேன்63:
ஒத்துக்கிறேன். அப்போ அரை இஞ்ச் ராட்செட்ல மாட்டற நீளமான டீப் சாக்கெட்?

லேத்துப்பட்டறை:
நீளம் போதும். ஆனா அதோட சுவர் தடிமன். ரெண்டு பைப்புக்கு நடுவுல நுழையணுமே. பிளம்பருங்க வச்சிருக்கிற குழாய் பாக்ஸ் ஸ்பேனர்தான் இதுக்குப் பொறந்தது. ரெண்டு பக்கமும் திறந்த இரும்புக் குழாய், குறுக்கே ஓட்டை, அதுல கம்பி சொருகித் திருப்பணும். மெல்லிசா இருக்கும், ராடு எவ்வளவு நீளமானாலும் நேரா உள்ள போகும். செட் வேண்டாம், 12-13 ஒண்ணு மட்டும் கேளுங்க.

கடைக்காரர் நட் டிரைவரையே நீட்டினா, ஒரு ஈர்க்குச்சியை உள்ள விட்டுப் பாருங்க. விலை குறைஞ்சதுல வெளிய குழாய் மாதிரி தெரியும், உள்ள ரெண்டு செ.மீ. தாண்டாது.

பனியன்ஊர்க்காரன்:
எல்லாருக்கும் நன்றிங்க. நேத்து சாயங்காலம் போனேன். ஈர்க்குச்சிக்குப் பதிலா பேனா ரீஃபில். மொத நட் டிரைவர்ல ரெண்டரை செ.மீ.யில முட்டிக்கிச்சு. இன்னொண்ணு முழுசாப் பொள்ளல், ஆனா 10க்கு மேல அவர்கிட்ட இல்ல. கடைசியில பாக்ஸ் ஸ்பேனர் 12-13 வாங்கியாச்சு.

மாட்டின உடனே சரியா உட்கார்ந்தது. போர் தண்ணி உப்பு நட்டுல வெள்ளையாப் படிஞ்சு கிடந்தது, பழைய பல்துலக்கியில வினிகர் தொட்டுத் தேய்ச்சதும் சுலபமா சுத்துச்சு. மேல குழாயைப் பொண்டாட்டி நேராப் புடிச்சுக்கிட்டா, கீழ நான்.

ஆனா இன்னொரு சிக்கல். நட்டு நல்லா இறுகிடுச்சு, குழாய் திரும்பறது நின்னுடுச்சு. ஆனா முன்னாடி பின்னாடி தள்ளினா இன்னும் லேசா அசையுது. இன்னும் இறுக்கலாமா?

லேத்துப்பட்டறை:
வேண்டாம், நிறுத்துங்க! பித்தளை முறுக்கிக்கும். சிங்க் ஸ்டீல்தானே? குழாய் அசையல, சிங்க் தகடு வளையுது. அந்தத் தகடு ஒரு மி.மீ. சுமார்தான் இருக்கும். குழாய் வந்த டப்பாவுல ஒரு முக்கோணப் பிளாஸ்டிக் தட்டு இருந்ததா பாருங்க. அது சிங்க்குக்கு அடியில, வாஷருக்கு மேல போகணும். முக்காவாசிப் பேர் அதைத் தூக்கிப் போட்டுடறாங்க.

பனியன்ஊர்க்காரன்:
டப்பா பரண்ல கிடந்தது. தட்டு உறையைக் கூடப் பிரிக்காம உள்ளயே இருக்கு! குழாய் மாட்டின ஆள் கண்ணுலயே படல போல. ஞாயித்துக்கிழமை தண்ணியை மூடிட்டு, கனெக்‌ஷன் பைப்பைக் கழட்டி மறுபடி மாட்டிடறேன்.

கூலிங்காயில்:
கழட்டும்போது பைப்போட முனையில ரப்பர் வாஷரோ ரப்பர் வளையமோ இருக்கும், பழசுன்னா அதையும் மாத்திடுங்க. பக்கத்து வீட்டு அண்ணன்கிட்ட என்ன சொல்லப் போறீங்க?

பனியன்ஊர்க்காரன்:
அவர்கிட்ட நட் டிரைவர் செட் இருக்குங்க. 8 வேணும்னா வாங்கிக்கலாம்னு இருக்கேன், கடனா.