"தம்பியோ நானோ வருவோம்" – இதை பிரெஞ்சுல எப்படி எழுதுறது?

நானுஓயா கைட்:
எல்லாருக்கும் வணக்கம். நான் நுவரெலியா பக்கம் கைட் வேலை பாக்குறேன், கண்டியில இருந்து எல்ல போற கோச்சியில பிரெஞ்சு ஆளுங்க நெறைய வாராங்க, நானுஓயாவுலதான் எறங்குவாங்க. அடுத்த வாரம் ஒரு குடும்பம் வருது, "ஸ்டேஷனுக்கு தம்பியோ நானோ வருவோம்"னு வாட்ஸ்அப்புல அனுப்பணும். நான் எழுதி வச்சிருக்கது "மோன் ஃப்ரேர் ஊ முவா வியாந்த்ரே". இங்கிலீஷ்ல வேர்புக்கு கிட்ட இருக்க ஆளைப் பாத்துத்தானே போடுவோம், இங்க முவா (நான்) கிட்ட இருக்கதால ஜெ-வுக்கு (அதுவும் நான்தான்) வர்ற வேர்பை போட்டேன். கூட படிச்ச தங்கச்சி ஒண்ணு "ஒருத்தர்தானே வரப்போறீங்க, அவருக்கு வர்ற வியாந்த்ரான்னு போடுங்க"ங்குது. எது சரி? காரணத்தோட சொன்னா நல்லாருக்கும், அவங்க பாஷையில ஒழுங்கா ரெண்டு வரி எழுதினா அவங்க எவ்வளவு சந்தோஷப்படுறாங்கன்னு நான் பாத்திருக்கேன்.

கண்டி டீச்சர்:
தம்பி, ரெண்டுமே இல்ல. வியாந்த்ரோன், நூ-வுக்கு (நாங்க) வர்றது. பிரெஞ்சுல கிட்ட இருக்க ஆளைப் பாக்குற கணக்கு கிடையாது, அதை இங்கிலீஷோட விட்ருங்க. முவா யாரோட சேந்தாலும் நூ, நடுவுல "ஏ" (உம்) இருந்தாலும் "ஊ" (அல்லது) இருந்தாலும் அப்படித்தான். துவாவும் (நீ) மூணாவது ஆளும் (அவன், அவள், அது) சேந்தா வூ (நீங்க). நீங்களே தலைப்புல "வருவோம்"னுதானே எழுதியிருக்கீங்க, "தம்பியோ நானோ வருவேன்"னு நம்ம வாயில வராதே, வரப்போறது ஒருத்தர்னாலும் ஓம்தான் வருது. இந்த இடத்துல தமிழ் காதை நம்பினாலே போதும். ஒண்ணு மட்டும் கவனம், நூ வியாந்த்ரோனும் இல் (அவங்க) வியாந்த்ரோனும் காதுக்கு ஒண்ணுதான், எழுதும்போது உங்களுக்கு கடைசியில எஸ் வரணும், டீ இல்ல. முவாவுக்குப் பிறகு ஒரு கமா போட்டு "நூ வியாந்த்ரோன்"னு சேத்தா இன்னும் இயல்பா இருக்கும்.

ஹட்டன் ஏஎல்:
டீச்சர் நான் ஏஎல் பரீட்சைக்கு பிரெஞ்சு செய்றேன், எங்க நோட்ஸ்ல "குமார் ஊ செல்வம் கோந்துயிரா லெ வான்"னு ஒருமையில இருக்கு, அடுத்த வரியிலயே "லா ப்ளுயி ஊ லா ப்ரூம் பேவ்" னு பன்மை, ரெண்டும் ஊ தானே, எனக்கு தலையே சுத்துது

கண்டி டீச்சர்:
மகள், அங்க ரெண்டு பக்கமும் மூணாவது ஆள், அதனால அர்த்தம்தான் முடிவு பண்ணும். வேன் ஓட்டுறது ஒருத்தர்தான், குமார் ஸ்டியரிங் புடிச்சா செல்வம் புடிக்க முடியாது, ஒண்ணு வந்தா மத்தது இல்ல, அதான் ஒருமை. மழையும் மூடுபனியும் அப்படி இல்லையே, சிவனொளிபாத மலையில சூரிய உதயத்தை மழையும் மறைக்கும், பனியும் மறைக்கும், ரெண்டும் சேந்தும் மறைக்கும், அதனால பன்மை. ரெண்டுல ஒண்ணு ஏற்கனவே பன்மைன்னா யோசிக்கவே வேணாம், பன்மைதான். நி... நி... (இதுவும் இல்ல, அதுவும் இல்ல) வந்தா பெரும்பாலும் பன்மை, மண்சரிவு வந்து ரோட்டும் லைனும் மூடினா "நி லெ பூஸ் நி லெ த்ரேன் நெ பார்த்", பஸ்ஸும் போகாது ட்ரெயினும் போகாது. "இல்ல"ங்கறதுக்கு வழக்கமா நெ, பா ரெண்டும் வரும், ஆனா அதுல நெ போடணும், பா போடக்கூடாது, பிள்ளைங்க அதிகமா மார்க்ஸ் விடுறது அதுலதான்.

பண்டாரவளை டு பாரிஸ்:
டீச்சர் சொன்னது சரி, கூட ஒண்ணு சொல்றேன். 1976 டிசம்பர் 28ல பிரான்ஸ் கல்வி அமைச்சு ஒரு ஆணை போட்டாங்க, பரீட்சையில எதை எதை பிழையா எடுக்கக்கூடாதுன்னு. ஊ, நி வச்சு சேத்த மூணாவது ஆள் ஒருமைச் சொற்களுக்கு ஒருமை பன்மை ரெண்டையும் ஏத்துக்கணும்னு அதுல இருக்கு, அதனால ஹட்டன் தங்கச்சி பயப்பட வேணாம், ஆனா அர்த்தம் பாத்து எழுதுற பழக்கத்தை விடாதீங்க. தம்பிக்கு, அவசரத்துல சந்தேகம் வந்தா "லன் த நூ தே வியாந்த்ரா"ன்னு எழுதுங்க, எங்க ரெண்டு பேருல ஒருத்தர்னு அர்த்தம், அங்க ஒருமை, ஒரு கேள்வியும் வராது. நான் வேலை செய்ற இடத்துல இதைத்தான் அடிக்கடி கேக்குறேன்.

நானுஓயா கைட்:
ரொம்ப நன்றி டீச்சர், அண்ணே. "மோன் ஃப்ரேர் ஊ முவா, நூ வியாந்த்ரோன் வூ ஷெர்ஷே ஆ லா கார்"னு இப்பதான் அனுப்பினேன். ரூம் ஃபோர்ம்ல அந்த அம்மாவோ அவங்க வீட்டுக்காரரோ சைன் வைக்கணும், அதுக்கு "வூ ஊ வோத்ர் மாரி சிஞ்ரே", வூ-வோட வேர்ப்தானே டீச்சர்?

கண்டி டீச்சர்:
அதேதான் தம்பி. கடைசியில ஈ, இசட் (ez).