ஐப்பசி அடைமழைக்கு எந்தப் பருவத்துச் சாப்பாடு? ருதுசரியை அட்டவணை குழப்புகிறது

நாகைக்காரி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். ருதுசரியை, அதாவது பருவத்துக்கேற்ற சாப்பாடும் பழக்கமும் சொல்லும் ஆயுர்வேத அட்டவணை எதை எடுத்தாலும் ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை வர்ஷ ருது (மழைக்காலம்), அதன்பின் நவம்பர் நடு வரை சரத் ருது (மழைக்குப் பிந்தைய காலம்) என்றுதான் போட்டிருக்கிறார்கள். நாகப்பட்டினம் பக்கம் ஆடி ஆவணியில் வெயிலும் காற்றும்தான். மழை கொட்டுவது ஐப்பசி கார்த்திகையில். அட்டவணைப்படி நடந்தால், வெளியே அடைமழை பெய்யும்போது பித்தம் தணிக்கும் குளிர்ச்சியான சாப்பாடு சாப்பிட வேண்டியிருக்கும். எனக்கு இது சரியாகப் படவில்லை.

வீட்டில் மாமியாருக்கு எழுபது வயது. மழை பிடித்துவிட்டால் மூட்டு வலி, வயிற்று உப்புசம். எட்டு வயதுப் பையனுக்கு லேசில் சளி பிடிக்கும். நான் தெரிந்துகொள்ள நினைப்பது: இங்கே எந்த மாதத்துக்கு எந்த ருதுவின் சாப்பாட்டைக் கொள்வது? மழைக்குத் தயிரை நிறுத்திவிட வேண்டுமா? மாற்றத்தை ஒரே நாளில் செய்யலாமா, கொஞ்சம் கொஞ்சமாகவா? தீபாவளி லேகியம் வீட்டிலேயே கிளற அளவும் பக்குவமும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும். கடையில் வாங்குவது ஒன்று பாகாக ஓடுகிறது, இல்லையென்றால் கல்லாக இருக்கிறது.

சீரகச்சம்பா பதில்:

உங்கள் சந்தேகம் நியாயமானது சகோதரி. மாதப் பெயரை விட்டுவிட்டு, அந்த ருதுவுக்கு ஆயுர்வேத நூல் சொல்லும் அடையாளத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். வெயிலில் காய்ந்த உடம்பில் வாதம் சேர்ந்துகொண்டே வரும்; மழையின் ஈரமும் குளிர்காற்றும் பட்டதும் அது சீறும். பித்தம் மழையில் சேர்ந்து, மழைக்குப் பின் வரும் சுள்ளென்ற வெயிலில் சீறும். கபம் பனியில் உறைந்து, வெயில் ஏறும்போது இளகும். ருதுசரியையின் எலும்புக்கூடு இவ்வளவுதான். எந்த ஊரில் எப்போது மழை, எப்போது வெயில் என்பதை நாம்தான் இதில் பொருத்த வேண்டும். பழைய ஆயுர்வேத ஆசிரியரான சுஸ்ருதரே ஆறு ருதுக்களை இரண்டு விதமாக அடுக்குகிறார். இரண்டாவது அடுக்கில் சிசிரம் என்ற பின்பனிக்காலத்தை எடுத்துவிட்டு, வர்ஷத்துக்கு முன்னால் பிராவிருட் என்று ஒரு முன்மழைக்காலத்தைச் சேர்க்கிறார். ஆகவே அட்டவணையை நகர்த்துவது நூலுக்கு விரோதமில்லை.

சோழமண்டலக் கரைக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். அதாவது உங்கள் வர்ஷ ருது ஐப்பசி, கார்த்திகை. அப்படியானால் சரத் எங்கே போயிற்று என்று கேட்டால், புரட்டாசியில் இருக்கிறது. ‘புரட்டாசியில் பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும்’ என்ற பழமொழியே அதற்குச் சாட்சி. மாலையில் இடிமழை, மறுநாள் தோலை உரிக்கும் வெயில். அந்த மாதத்துக்குத்தான் புடலை, பாகல், பாசிப்பயறு, நெல்லிக்காய், அளவாக நெய். புளியும் மிளகாயும் எண்ணெய்ப் பலகாரமும் குறைய வேண்டும்.

மழை நிலைத்தபின் சாப்பாடு சூடாகவும் இலேசாகவும் இருக்கட்டும். மழையும் ஊதலும் சேர்ந்து அடிக்கிற நாளில் புளிப்பு, உப்பு, நெய் மூன்றையும் சற்றுக் கூட்டலாம் என்று நூல் அனுமதிக்கிறது. புளி ரசமும் நெய்யும் அந்த நாளுக்கு ஏற்றவை. பகல் தூக்கம் மட்டும் கூடாது. மந்தத்தை அது இரட்டிப்பாக்கும்.

அரிசி ஒரு வருடம் பழகியதாக இருக்கட்டும். புது அரிசி பசைபோலக் குழைந்து வயிற்றில் கனக்கும். அதற்கு உரிய காலம் தை: அப்போது மழை விட்டிருக்கும், குளிரில் பசி கூர்மையாக இருக்கும், புது அரிசியோடு பருப்பும் நெய்யும் மிளகும் சேர்த்துப் பொங்கினாலும் செரிக்கும்.

மாமியாருக்கு உப்புசம் உள்ள நாளில் இரவுக்குக் கஞ்சி போதும். பழைய பச்சரிசி நொய் 40 கிராம், பாசிப்பருப்பு 15 கிராம், இரண்டையும் தனித்தனியே வாசனை வர வறுங்கள். பதினான்கு பங்கு தண்ணீர், அதாவது முக்கால் லிட்டருக்குச் சற்று மேல் கொதிக்கவிட்டு, அதில் இரண்டையும் போட்டுத் திறந்த பாத்திரத்தில் 35, 40 நிமிடம் வேகவிடுங்கள். குக்கர் என்றால் ஆவி வெளியேறாது, எட்டுப் பங்கு போதும். அரை ஸ்பூன் சீரகம், இரண்டு சிட்டிகை சுக்குப்பொடி, உப்பு, இறக்கியபின் அரை ஸ்பூன் நெய். கெட்டியாகிவிட்டதே என்று பச்சைத்தண்ணீர் ஊற்றித் தளர்த்தினால் நொய் தனி, நீர் தனி என்று பிரிந்துவிடும். வெந்நீர்தான் ஊற்ற வேண்டும்.

ஐப்பசியிலும் நடுவில் ஒரு வாரம் மழை விட்டு வெயில் காயும். அப்போது சுக்கு, மிளகைத் தொடராதீர்கள். நாக்கில் மாவு பூசியதுபோல் வெள்ளை, நேற்றுச் சாப்பிட்டதன் வாசனையோடு ஏப்பம் இருந்தால் மந்தம். சுக்கும் கஞ்சியும் பொருந்தும். வாய் புளித்து நெஞ்சு எரிந்தால் பித்தம்; அதற்கு மேல் சுக்கு போட்டால் எரிச்சல்தான் கூடும்.

மோர்க்கடை பதில்:

தயிர் விஷயத்தில் பெரும்பாலான வீடுகளில் நடப்பது நூலுக்கு நேர் எதிர். கோடையில் கிண்ணம் கிண்ணமாகத் தயிர், மழை வந்ததும் அறவே நிறுத்தம். அஷ்டாங்க ஹிருதயம் என்ற ஆயுர்வேத நூல் தயிரைத் தவிர்க்கச் சொல்வது வசந்தம், கோடை, சரத் ஆகிய மூன்று ருதுக்களில். இரவில் எப்போதுமே கூடாது, சூடாக்கவும் கூடாது. தயிர் தொட்டால் குளிர்ச்சி, உள்ளே போனால் சூடு, புளிப்பு, கனம் என்பதே காரணம். மழைக்காலத்துப் பகல் சாப்பாட்டில் புளிக்காத தயிர் கொஞ்சம் சேர்ப்பதற்குத் தடையில்லை. ஆனால் வெறும் தயிராக வேண்டாம்; பாசிப்பயறோ நெல்லிக்காயோ நெய்யோ ஏதாவது ஒன்றோடு சேரட்டும். சளி பிடித்திருக்கும் நாட்களில் மட்டும் பையனுக்கு நிறுத்துங்கள். சளியே இல்லாதபோது மூன்று மாதம் நிறுத்தி வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

உங்கள் மாமியாருக்குத் தயிரைவிட மோர் மேல். மோர் என்றால் ஸ்பூனால் கலக்கிய தயிர்த்தண்ணீர் அல்ல. மத்தால் கடைந்து, வெண்ணெய் திரண்டு மேலே வந்ததும் அதை எடுத்துவிட வேண்டும். கடையும்போதுதான் தயிரின் கனம் போகிறது. தக்ரம் என்று நூல் சொல்வது கால் பங்கு தண்ணீர் விட்டுக் கடைந்தது. பானம்போலக் குடிப்பதற்கு அதன்பின் இரண்டு, மூன்று பங்கு தண்ணீர் விட்டுக்கொள்ளலாம். வாதத்துக்குச் சற்றே புளித்த மோரில் இந்துப்பு, பித்தத்துக்குப் புளிக்காத மோரில் சர்க்கரை, கபத்துக்குத் திரிகடுகு (சுக்கு, மிளகு, திப்பிலி) என்று துணைப்பொருளும் சொல்லப்பட்டிருக்கிறது. மழைக்கால உப்புசத்துக்கு முதல் வகை: மதியச் சாப்பாட்டின் முடிவில் ஒரு சிறிய டம்ளர், ஒரு சிட்டிகை இந்துப்பு, வறுத்துப் பொடித்த சீரகம். ரத்த அழுத்தம் இருந்தால் உப்பே வேண்டாம். இந்துப்பிலும் பெரும்பகுதி சோடியம்தான், பெயர் வேறு என்பதால் தாராளமாகப் போட்டுவிடுகிறார்கள்.

கோடையில் மோரையும் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கக்கூடாது. வெப்பக் காலத்திலும், மயக்கம், தலைச்சுற்றல், எரிச்சல், ரத்தப்போக்கு உள்ளவர்களுக்கும் தக்ரம் வேண்டாம் என்று சுஸ்ருதர் சொல்கிறார். புளித்த மோருக்குத்தான் இது முக்கியமாகப் பொருந்தும். பங்குனி, சித்திரையில் அன்று காலை கடைந்த, புளிக்காத, நிறையத் தண்ணீர் விட்ட நீர்மோர் மட்டும் போதும்.

இன்னொன்று: மழைக்குளிரில் பால் உறைய பத்து, பன்னிரண்டு மணி நேரம் ஆகிறது என்று உறைமோரை அள்ளி ஊற்றுவார்கள். மேலே தண்ணீர் பிரிந்து, காலையிலேயே புளித்துப்போயிருக்கும். அரை லிட்டருக்கு எப்போதும்போல ஒரு ஸ்பூன்தான். பாலை வழக்கத்தைவிடச் சற்று வெதுவெதுப்பாக வைத்து உறை ஊற்றி, பாத்திரத்தை ஹாட்பாக்ஸில் வைத்தால் போதும்.

நாகைக்காரி:

நன்றி ஐயா, நன்றி மோர்க்கடை. தயிரைச் சூடாக்கக்கூடாது என்றால் மழைக்கு மோர்க்குழம்பும் கூடாதா? மாமியாருக்கு அது இல்லாமல் வாரம் போகாது.

மோர்க்கடை:

கடைந்த மோரில் செய்யுங்கள், கொதிக்க விடாதீர்கள். அரைத்த தேங்காய், சீரகம், மிளகாய், ஊறவைத்த துவரம்பருப்பு விழுதோடு காயை முதலில் வேகவிட்டு, அடுப்பைத் தணித்து மோரை ஊற்றுங்கள். ஓரத்தில் நுரை கட்டிப் பொங்கி வரும் அந்த நொடியில் இறக்கிவிட வேண்டும். அதைத் தாண்டினால் திரிந்து, அடியில் தண்ணீர், மேலே திப்பி என்று ஆகிவிடும். மதியத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மிச்சத்தை இரவில் சூடுபண்ணிப் போட வேண்டாம்.

சுக்குத்தட்டி பதில்:

லேகியத்துக்கு வருகிறேன் அக்கா. ஒரு சிறிய வீட்டுக்கு: சுக்கு 25 கிராம், மல்லி 25, ஓமம் 20, சீரகம் 15, மிளகு 10, அரிசித்திப்பிலி 10, கண்டந்திப்பிலி 10, வெல்லம் 200 கிராம், நெய் 50 மில்லி, நல்லெண்ணெய் 25 மில்லி, தேன் இரண்டு மேசைக்கரண்டி.

சுக்கின் மேல்தோலைச் சுரண்டி எடுத்து, இடித்துத் தூளாக்குங்கள்; முழுசாக மிக்ஸியில் போட்டால் நார் மட்டும் நிற்கும். எல்லாவற்றையும் வெறும் சட்டியில் லேசாக, கை பொறுக்கும் சூட்டில் புரட்டினால் போதும். ஓமம் சிவந்துவிட்டால் லேகியம் முழுக்கக் கசக்கும். பிறகு வெந்நீரில் மூன்று மணி நேரம் ஊறவைத்து, அதே தண்ணீரோடு மையாக அரையுங்கள். ஊறாமல் அரைத்தால் நாக்கில் மணல்போல நறநறக்கும்.

கல்லாவதற்கும் ஓடுவதற்கும் காரணம் பாகுதான். வெல்லத்தைத் தனியாகக் கம்பிப் பதம் வரை காய்ச்சி அதில் விழுதைப் போட்டால், ஆறியதும் உளி வைத்து உடைக்க வேண்டியதுதான். வெல்லம் கரைந்ததும் மண் போக வடிகட்டி, பதம் எதுவும் பார்க்காமல் உடனே விழுதைச் சேர்த்துச் சிறுதீயில் கிளறுங்கள். முதலில் குமிழி வெடித்துத் தெறிக்கும், அடி ஆழமான உருளியாக இருக்கட்டும். கெட்டிப்பட ஆரம்பித்ததும் நெய்யையும் நல்லெண்ணெயையும் மூன்று தவணையாக ஊற்றுங்கள். கரண்டியோடு சுருண்டு வந்து, விளிம்பில் நெய் கசியும்போது நிறுத்திவிடுங்கள். ஆறினால் இன்னும் ஒரு பிடி இறுகும். நெய் கசியும் முன்பே இறக்கினால் தண்ணீர் தங்கி, பத்து நாளில் பூஞ்சை பிடிக்கும். தேன் நன்றாக ஆறியபின்தான். சூட்டில் தேன் சேர்க்கக்கூடாது என்பது ஆயுர்வேதத்தில் கண்டிப்பான விதி.

பெரியவர்களுக்கு ஒரு சிறிய நெல்லிக்காய் அளவு, பையனுக்குச் சுண்டைக்காய் அளவு, தீபாவளியை ஒட்டி நாலைந்து நாள். பலகாரம் தின்று மந்தமான வயிற்றுக்கான மருந்து இது, தினமும் தின்பதற்கல்ல. அல்சர், நெஞ்செரிச்சல் இருப்பவர்கள் தொட வேண்டாம். சர்க்கரை நோய்க்கு வெல்லமும் சர்க்கரைதான். கர்ப்பிணிகளும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் சாப்பிடக்கூடாது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் எந்த வடிவத்திலும் ஆகாது.

மாற்றத்தைப் பற்றிக் கேட்டீர்கள். ஒரு ருதுவின் கடைசி ஏழு நாளும் அடுத்ததன் முதல் ஏழு நாளும் ருதுசந்தி. பழையதைக் கால் பங்கு விட்டு, அந்த இடத்தில் புதியதைக் கால் பங்கு வைப்பதுதான் முறை. மூன்று, நான்கு நாளுக்கு ஒரு கால் என்று நகர்ந்தால் பதினைந்து நாளில் முழு மாற்றமும் முடியும். உங்கள் வீட்டில் முதல் கால் இரவுச் சாப்பாடாக இருக்கட்டும், இட்லி தோசையில் சில நாளைக் கஞ்சியாக்குங்கள். அடுத்து பச்சைத்தண்ணீருக்குப் பதில் சீரகம் போட்டுக் கொதித்த நீர். அதை அன்றன்றே காய்ச்ச வேண்டும், நேற்றைய வெந்நீரை மறுபடி சுடவைப்பதை நூல் ஏற்பதில்லை. எல்லாவற்றையும் ஒரே திங்கட்கிழமை மாற்றினால் வயிறு கட்டிக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளவில்லை என்றும் கண்டுபிடிக்க முடியாது.

மழைக்காலத்துக் காய்ச்சலுக்கு மட்டும் கஷாயத்தை நம்பி உட்காராதீர்கள். டெங்குவும் எலிக்காய்ச்சலும் வருகிற மாதங்கள் இவை. பையனுக்குக் காய்ச்சல் இரண்டாம் நாளும் நீடித்தால் ரத்தப் பரிசோதனைக்குப் போய்விடுங்கள்.

பொதிகைச்சாரல் பதில்:

மேற்கே இருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். தென்காசி, நீலகிரி, வால்பாறைப் பக்கம் ஆனி ஆடியிலேயே தென்மேற்கு மழை பிடித்துவிடும். அங்கே நூலின் அட்டவணை ஏறக்குறைய அப்படியே பொருந்தும். கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு. அங்கே ஆவணி, புரட்டாசியில் பித்தம் தணித்து, மறுபடி ஐப்பசியில் வர்ஷச் சாப்பாட்டுக்கு வர வேண்டும்.

மூட்டு வலிக்கு முடக்கத்தான் தோசையை யாரும் சொல்லவில்லையே. இரண்டு டம்ளர் அரிசிக்கு ஒரு கைப்பிடி இலை, அதற்கு மேல் வேண்டாம். கூடினால் கசப்பதோடு வயிற்றையும் இளக்கிவிடும், எழுபது வயதில் அது தளர்ச்சியில் முடியும். இலையை வெந்நீரில் அலசி, அரிசியோடு சேர்த்தே அரைத்து, அன்றைக்கே ஊற்றுங்கள். புளிக்க வைத்தால் வாதத்துக்குக் கொடுக்கும் பலன் குறையும் என்பது வைத்தியர்கள் சொல்வது. வாரத்துக்கு இரண்டு முறை போதும்.

சீரகச்சம்பா:

முடக்கத்தானோடு எண்ணெய்த் தேய்ப்பும் சேரட்டும். வெதுவெதுப்பான நல்லெண்ணெயை முட்டியில் வட்டமாகவும், காலில் மேலிருந்து கீழாகவும் தேய்த்து, அரை மணி கழித்து வெந்நீரில் குளிக்கட்டும். மழை விட்டு வெயில் எட்டிப் பார்க்கும் நாளில், காலைப் பசி வந்தபின்தான் செய்ய வேண்டும். மந்தமோ காய்ச்சலோ சளியோ இருக்கும் நாளில் கூடாது. பாதத்தில் எண்ணெயைத் துணியால் துடைத்துவிட்டே குளியலறைக்கு அனுப்புங்கள்.