புட்டியால் கோலம் வரைந்த கேன்வாஸில் விரிசல்: எங்கே தவறு செய்தேன்?

கேள்வி (செம்பூர், மும்பை)

வணக்கம். வரவேற்பறைச் சுவருக்காக நானே ஒரு படம் செய்ய ஆசைப்பட்டு, கிராஃபோர்டு மார்க்கெட் பக்கத்தில் சட்டத்தில் இழுத்துக் கட்டிய 2 அடிக்கு 3 அடி கேன்வாஸ் ஒன்று வாங்கி வந்தேன். வண்ணம் அடிக்குமுன் சுவரைச் சமப்படுத்தப் பூசும், பொடியாகக் கிடைக்கும் வெள்ளை சிமெண்ட் வால் புட்டியைத் தண்ணீரில் குழைத்து, பேலட் கத்தியால் துணி முழுவதும் பூசினேன். அதன்மேல் மெஹந்திக் கூம்பு போல் ஒன்று சுருட்டி, அம்மா மார்கழியில் போடும் சிக்குக் கோலத்தைப் புடைப்பாக இழுத்தேன். சில இடங்களில் அரை அங்குலக் கனம் இருக்கும். ஜூலை மாத ஈரத்தில் காயாதே என்று இரவு முழுவதும் மின்விசிறியை நேராக அதன்மேல் ஓட விட்டேன்.

மூன்றாம் நாள் நடுப்பகுதியில் வலைபோல் மெல்லிய விரிசல்கள் தெரிந்தன. சுவரில் மாட்டிய பிறகு, ஓரத்திலிருந்து ஏறக்குறைய இரண்டு அங்குலம் உள்ளே, இரு பக்கமும் அளவுகோல் வைத்துக் கிழித்ததுபோல் நேர்க்கோட்டில் வெடித்து, கோலத்தின் ஒரு முடிச்சு உதிர்ந்தே விட்டது. இன்னும் வண்ணம் பூசவில்லை. இதைக் காப்பாற்ற வழி உண்டா?

பதில் (மாட்டுங்கா)

சகோதரி, நீங்கள் விரிசல்களைப் பிரித்துச் சொன்னது மிகவும் உதவியாக இருக்கிறது, ஏனென்றால் அவை இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

வலைபோன்ற விரிசல் சுருக்கத்தால் வருவது. வெள்ளை சிமெண்ட் புட்டி வெறுமனே காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. மின்விசிறி மேல்தோலின் ஈரத்தை முன்கூட்டியே பறித்துவிட்டதால், அடியில் குழைவாக இருக்கும்போதே மேலே சுருங்கிப் பிளந்திருக்கிறது. சுவரிலேயே அந்தப் புட்டியை ஒரு பூச்சுக்கு ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் பூசுவதில்லை. அரை அங்குலம் மிக அதிகம்.

நேர்க்கோட்டு விரிசல்தான் முக்கியமானது. அது சட்டத்தின் மரத்துண்டு முடியும் உள்விளிம்புக்கு நேர் எதிரே இருக்கும். கேன்வாஸைத் திருப்பிப் பாருங்கள். துணி தளர்ந்து அசையும்போதெல்லாம் அந்த விளிம்பில்தான் மடிகிறது. துணி மடியும், சிமெண்ட் மடியாது. துணியின் பின்புறத்தை விரலால் மெதுவாகத் தட்டினால் மத்தளம்போல் விண்ணென்று ஒலிக்க வேண்டும். தொப்பென்று கேட்டால் துணி தளர்ந்திருக்கிறது என்று பொருள். மழைக்காலத்தில் இங்கே கேன்வாஸ் தளர்வது வழக்கம். வெறும் கேன்வாஸாக இருந்தால் பின்புறம் இலேசாகத் தண்ணீர் தெளித்துக் காயவிட்டோ, மூலைகளில் ஆப்பு தட்டியோ இறுக்கலாம். புட்டி இறுகிய பிறகு அப்படி இறுக்கினால் மேலும் உடையும்.

ஆகவே, வருத்தத்தோடுதான் சொல்கிறேன், இதைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். புட்டியில்தான் செய்ய வேண்டுமென்றால் 6 மில்லிமீட்டர் பிளைவுட் பலகையில் செய்யுங்கள். கேன்வாஸ்தான் வேண்டுமென்றால் புடைப்பு வேலைக்கென்று விற்கும் அக்ரிலிக் மாடலிங் பேஸ்ட் என்ற கெட்டிக் களிம்பை வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் காய்ந்த பின்னும் துணியோடு சற்று வளைந்துகொடுக்கும்.

பதில் (தாணே)

புட்டியில் தச்சர்களின் வெள்ளைப் பசையைக் கலந்தால் போதும், கேன்வாஸிலேயே நிற்கும். நான் அப்படித்தான் செய்கிறேன்.

பதில் (மாட்டுங்கா)

ஓரளவு நிற்கும், ஐயா. சிறிய படத்துக்குப் பரவாயில்லை. ஆனால் சாதாரண வெள்ளைப் பசை காய்ந்த பிறகும் ஈரம் பட்டால் இளகும், மும்பையில் நான்கு மாதம் காற்றே ஈரமாக இருக்கிறது. கலந்தே ஆக வேண்டுமென்றால் அக்ரிலிக் மீடியம் (அக்ரிலிக் வண்ணத்தோடு சேர்க்கும் நிறமற்ற பிசின் திரவம்) கலப்பதே நல்லது. அப்போதும் மூன்றடிக் கேன்வாஸை நான் நம்பமாட்டேன்.

பலகை எடுப்பவருக்கு இன்னொன்று: முன்புறம் மட்டும் பிரைமர் என்ற அடிப்பூச்சு அடித்தால் பின்புறம் ஈரத்தை உறிஞ்சிப் பலகை வளையும், இரு பக்கமும் அடிக்க வேண்டும். வெளியே மழைச்சாரல் அடிக்கும் சுவரின் உட்பக்கத்தில் மாட்டுவதாக இருந்தால், கீழ் மூலைகள் இரண்டிலும் தக்கைத் துண்டு ஒட்டிக் காற்றுக்கு இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் பின்னால் பூஞ்சை பூக்கும்.

கேள்வி கேட்டவர், பன்னிரண்டு நாள் கழித்து

திருப்பிப் பார்த்தேன்; சட்டத்தின் உள்விளிம்பும் விரிசலும் அச்சாக ஒன்றின்மேல் ஒன்று இருந்தன. சுரண்டும்போது மனம் கனத்தது உண்மை. தச்சரிடம் மீந்திருந்த பிளைவுட்டில் இரு பக்கமும் பிரைமர் அடித்து, மெல்லிய பூச்சாக மூன்று முறை, ஒவ்வொன்றும் காய ஒரு நாள் விட்டு, படுக்கை நிலையிலேயே வைத்து, விசிறியை வேறு பக்கம் திருப்பிவிட்டுச் செய்தேன். கோலத்தின் இழைகளையும் தாழ்வாகவே இழுத்தேன். இடது மூலையில் மட்டும் முடியளவு ஒரு கீறல் வந்தது. நீர்க்கக் கரைத்த புட்டியைத் தூரிகையால் தடவி அடைத்துவிட்டேன். இப்போது செம்மண் நிறம் பூசிக்கொண்டிருக்கிறேன். பலகை கனமாக இருக்கிறதே, ஓர் ஆணி தாங்குமா?

பதில் (மாட்டுங்கா)

ஓர் ஆணி வேண்டாம். சுவரில் துளையிட்டுப் பிளாஸ்டிக் பிளக் செருகி, ஓரடி இடைவெளியில் இரண்டு திருகாணிகள் போடுங்கள், படமும் சாயாது.